தீராத நோயும் தீர்க்கக்கூடிய துன்பமும்

"இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை. வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போங்கள்." ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்று இந்த வார்த்தைகளைக் கேட்ட குடும்பங்கள் நம் தேசத்தில் எத்தனையோ இருக்கின்றன. சொல்லுகிறவர் கல்நெஞ்சர் அல்லர். நோயை வேரோடு களைய வழியில்லை என்பதைத்தான் அவர் அவ்விதம் சொல்லுகிறார். ஆனால் கேட்கிறவர்கள் காதில் அது வேறு விதமாக விழுகிறது. 'இந்த உயிருக்கு இனி வைத்தியசாஸ்திரம் பொறுப்பில்லை' என்று அவர்கள் அர்த்தம் செய்துகொள்கிறார்கள். நோயாளியை வண்டியில் ஏற்றி வந்து, பின்கட்டில் ஒரு கட்டிலைப் போட்டு, கதவை ஒருக்களித்துச் சாத்திவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அங்கே அநுபவிக்கப்படும் வேதனை ஊராருக்குத் தெரிவதில்லை.

அந்த வாக்கியத்தில் பாதிதான் உண்மை. நோயைக் குணப்படுத்த ஒன்றுமில்லாமல் இருக்கலாம். நோயாளியின் துன்பத்தைத் தணிக்கச் செய்ய வேண்டியவை எத்தனையோ இருக்கின்றன. அதற்கென்றே வைத்தியத்தில் ஒரு தனித் துறை வளர்ந்திருக்கிறது. இங்கிலீஷில் அதற்குப் 'பாலியேட்டிவ் கேர்' என்று பெயர். லத்தீன் பாஷையில் 'பாலியம்' என்றால் மேற்போர்வை. குளிரில் நடுங்குகிறவன்மேல் போர்வையைப் போர்த்தினால் மார்கழி மாதம் மாறிப் போவதில்லை. ஆனால் அவன் அன்றிரவு தூங்குகிறான். தமிழில் நாம் இதை 'ஆதரவுச் சிகிச்சை' என்று அழைக்கலாம். பெண்மக்களுக்கு மட்டுமே வரக்கூடிய புற்றுநோய்களில் இந்தச் சிகிச்சை என்ன செய்யக்கூடும் என்பதைப் பற்றியே இங்கே எழுத விரும்புகிறேன்.

இதை எழுதுகிறவள் வைத்தியம் பயின்றவள் அல்ல. ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான பாடம் நடத்துகிறவள். மனித தேகத்தைப் பற்றிய பாடத்தில் இருதயம், நுரையீரல், இரைப்பை என்று வரும் வரையில் குழந்தைகள் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பார்கள். கர்ப்பப்பை என்ற வார்த்தை வந்ததும் நாற்பது தலைகளும் ஒரே சமயத்தில் குனிந்துவிடும். இருபது வருஷமாக இந்தக் காட்சியைப் பார்த்து வருகிறேன். அந்தத் தலைகுனிவுக்கும் இந்தக் கட்டுரையின் விஷயத்துக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு.

மௌனம் வளர்க்கும் நோய்

கர்ப்பப்பையின் வாயிலும், கர்ப்பப்பையின் உட்சுவரிலும், சூற்பையிலும், பிறப்புறுப்பின் மற்றப் பாகங்களிலும் புற்று தோன்றுவதுண்டு. இவற்றுள் நம் நாட்டில் அதிகமானது கர்ப்பப்பை வாய்ப் புற்று. உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தின் மதிப்பீட்டின்படி, 2022-ஆம் வருஷத்தில் மட்டும் இந்தியாவில் சுமார் 1,27,000 பெண்களுக்கு இந்த நோய் புதிதாகக் கண்டது. ஏறக்குறைய 80,000 பெண்கள் அதனால் மாண்டார்கள்.

இந்த நோய் திடீரென்று வந்து தாக்குவதன்று. 'பாப்பிலோமா' என்னும் ஒருவகை வைரஸ் கிருமி கர்ப்பப்பை வாயில் நெடுநாள் தங்கிவிட்டால், பெரும்பாலும் பத்து, பதினைந்து வருஷங்களில் அது மெள்ள மெள்ளப் புற்றாக மாறுகிறது. மாதவிடாய் நின்ற பின் மறுபடியும் உதிரம் காணுதல், இரண்டு விலக்குகளுக்கு நடுவே அல்லது தாம்பத்திய உறவுக்குப் பின் உதிரம் படுதல், நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் ஆகியவை அதன் எச்சரிக்கைகள். எச்சரிக்கை வந்தும் அதைச் சொல்லுவதற்கு அந்த ஸ்திரீக்கு வாய் வருவதில்லை. மருமகளிடம் சொல்லக் கூச்சம். நாத்தனாரிடம் சொல்லக் கூச்சம். புருஷனிடம் சொல்லப் பயம். 'வயதானால் இப்படித்தான்' என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டு மாதக்கணக்கில் கடத்துகிறாள். நம் நாட்டுப் பெண்களில் பெரும்பாலோர் நோய் முற்றிய பிறகே ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள் என்று டாக்டர்கள் வருந்துவதற்குக் காரணம் இதுதான்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இந்த வைரஸ் தாம்பத்திய உறவினால் பரவுவது என்று கேள்விப்பட்டவுடன், 'அப்படியானால் அவள் நடத்தை என்ன?' என்று கேட்கும் நாக்குகள் உண்டு. மணவாழ்க்கை நடத்தும் ஆண் பெண்களில் மிகப் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் எப்போதாவது ஒரு தடவை இந்தக் கிருமி ஒட்டி, தானாகவே போய்விடுகிறது. சிலருக்குப் போகாமல் தங்கிவிடுகிறது, அவ்வளவுதான். கற்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, கையைப் பிடிப்பதாலோ, பக்கத்தில் படுத்து உறங்குவதாலோ புற்றுநோய் மற்றவர்களைத் தொற்றுவதும் இல்லை. பேரக் குழந்தையைப் பாட்டியிடமிருந்து பிரித்து வைக்க யாதொரு நியாயமும் கிடையாது.

ஒரு மாத்திரை செய்த உபகாரம்

எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா இருந்தார். வெள்ளிக்கிழமை தவறாமல் கோவிலுக்குப் போகிறவர். முதலில் கோவிலுக்குப் போவதை நிறுத்தினார். பிறகு தெருத் திண்ணைக்கு வருவதை நிறுத்தினார். அப்புறம் கூடத்துக்கே வருவதில்லை. கேட்டால், "உடம்பு சுகமில்லை, டீச்சரம்மா" என்பதோடு சரி. விடியற்காலம் நாலு மணிக்கு, வீட்டார் விழிக்கும் முன்பே எழுந்து, தம் துணிகளைத் தாமே துவைத்து உலர்த்திவிடுவாராம். அவரை அறைக்குள்ளே அடைத்தது வலி அல்ல, நாற்றம். அழுகும் புற்றிலிருந்து கசியும் நீரின் நாற்றம் மற்றவர்கள் மூக்கில் படக்கூடாது என்பதற்காகவே அந்த அம்மாள் உலகத்தைத் துறந்திருந்தார்.

ஆதரவுச் சிகிச்சையில் பழகிய ஒரு நர்ஸ் வீட்டுக்கு வந்தார். காற்றில்லாத இடத்தில் வாழும் ஒருவகைக் கிருமிகளால்தான் அந்த நாற்றம் உண்டாகிறது என்றும், வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் 'மெட்ரோனிடஸோல்' என்ற சாதாரண மருந்தே அதற்குப் போதும் என்றும் விளக்கினார். டாக்டர் எழுதிக் கொடுத்தபடி மாத்திரையும், புண்ணைக் கழுவும் முறையும் ஆரம்பமாயின. ஒரு வாரத்துக்குள் நாற்றம் வெகுவாகக் குறைந்துவிட்டது. மருந்தின் விலை அற்பம். ஆனால் அதன் பலனாக அந்த அம்மாள் அறையை விட்டு வெளியே வந்தார். "கிட்டே உட்காருங்கள், டீச்சரம்மா. இப்போது ஒன்றும் தெரியவில்லையே?" என்று அவர் கேட்டபோது அவர் முகத்தில் இருந்த கௌரவத்தை நான் மறக்கவில்லை. அவர் பிழைக்கவில்லை. ஆனால் கடைசி நான்கு மாதங்களைப் பின்கட்டில் கழிக்காமல் தெருத் திண்ணையில் மனிதர்களோடு கழித்தார். ஆதரவுச் சிகிச்சை என்றால் என்ன என்று என்னை யாராவது கேட்டால், நான் சொல்லக்கூடிய விளக்கம் இதுதான்.

மற்ற உபத்திரவங்களுக்கும் இம்மாதிரியே வழிகள் இருக்கின்றன. உதிரப்போக்கைக் குறைக்க மருந்து உண்டு; உள்ளே பஞ்சுத்துணி வைத்து அடைக்கும் முறை உண்டு; ஓரிரண்டு தடவை மட்டும் கதிர்வீச்சு கொடுத்து இரத்தத்தை நிறுத்துவதும் உண்டு. அனுபவமுள்ள நர்ஸ்கள் இப்படிப்பட்ட நோயாளியின் பக்கத்தில் கருநிறத் துண்டுகளை மடித்து வைக்கச் சொல்லுகிறார்கள். வெள்ளைத் துணியில் கொஞ்சம் இரத்தம் பட்டாலும் பார்க்கிறவர்களுக்குக் குலை நடுங்கும். கறுப்புத் துணியில் அது அவ்வளவாகத் தெரியாது. எவ்வளவு சிறிய யோசனை, எவ்வளவு பெரிய தயை!

புற்று முற்றினால் மூத்திரப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவிலுள்ள சுவர் அரிபட்டு, சிறுநீர் இடைவிடாமல் ஒழுகுவது உண்டு. தோல் வெந்துபோகாமல் காக்கும் களிம்பும், ரப்பர்க் குழாயும், அடிக்கடி துணி மாற்றும் கைகளும் இருந்தால் அந்த நிலையையும் தாங்கலாம். கால் யானைக்கால் போல் வீங்கினால் அதற்குக் கட்டுப்போடும் முறையும் தோலைப் பராமரிக்கும் முறையும் இருக்கின்றன. சூற்பைப் புற்றில் வயிற்றில் நீர் கோத்து மூச்சு முட்டும்போது, சிறு குழாய் வழியாக அதை வடித்துவிட்டால் நோயாளி நிம்மதியாகச் சாப்பிடுவாள். குடல் அடைபட்டு ஓயாமல் வாந்தி எடுப்பவளுக்கும், அறுவைக்கு இடமில்லாவிட்டாலும், வாந்தியை அடக்கும் ஊசி மருந்துகள் உண்டு.

வலியும் அதன் மருந்தும்

இவை எல்லாவற்றையும்விடப் பயங்கரமானது வலி. இடுப்பெலும்புக் கூட்டுக்குள் பரவும் புற்று, அங்கே காலுக்குப் போகும் நரம்புகளை நெருக்குகிறது. அப்போது இடுப்பிலிருந்து கணுக்கால் வரை நெருப்பைக் கொட்டினாற்போல் எரியும். இதற்கு நாட்டில் எத்தனையோ பேருக்குக் கிடைப்பது ஜுர மாத்திரைதான்.

கடும் வலிக்குரிய முக்கியமான மருந்து மார்பின். நம் பாட்டிமார் காலத்தில் 'மார்பியா' என்று சொன்னது இதையே. வலியின் கடுமைக்கு ஏற்றபடி, எளிய மருந்திலிருந்து மார்பின் வரையில் படிப்படியாக ஏறிச் செல்ல வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 1986-ல் ஒரு வழிமுறையை வெளியிட்டது. அதில் இரண்டு விதிகள் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரிந்திருக்க வேண்டியவை. ஒன்று, கூடுமானவரையில் ஊசியில்லாமல் வாய் வழியாகவே மருந்து கொடுக்க வேண்டும். இரண்டாவது, வலி வந்த பிறகு கொடுப்பதல்ல. கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். சாதாரண மார்பின் மாத்திரையின் பலன் சுமார் நாலு மணி நேரம் நிற்கும். அது தீருவதற்கு முன்பே அடுத்த மாத்திரை உள்ளே போய்விட்டால், வலி தலைதூக்குவதில்லை. நரம்பு எரிச்சலுக்கு இதனுடன் வேறு சில மருந்துகளையும் சேர்க்கிறார்கள்.

மார்பின் என்றவுடன் வீட்டிலுள்ள ஆண்பிள்ளைகள் பயந்துவிடுகிறார்கள். "அபினியல்லவா? பழக்கமாகிவிடாதா? மூச்சு நின்றுவிடாதா?" என்கிறார்கள். தேர்ந்த டாக்டரின் மேற்பார்வையில், வலிக்கு வேண்டிய அளவில் ஆரம்பித்துப் படிப்படியாக உயர்த்தினால், மருந்துக்கு அடிமையாவது அபூர்வம். அது மரணத்தை விரைவுபடுத்துவதும் இல்லை. முதல் இரண்டு மூன்று நாள் மயக்கமும் குமட்டலும் இருக்கும், பிறகு தெளிந்துவிடும். மலச்சிக்கல் மட்டும் நிச்சயம் உண்டாகும். ஆதலால் மார்பினோடு மலமிளக்கியையும் முதல் நாளிலிருந்தே சேர்த்துக் கொடுக்க வேண்டும். சிறுநீரகம் பழுதுபட்டிருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். கர்ப்பப்பை வாய்ப் புற்றில் சிறுநீர்க் குழாய் நெருக்கப்படுவது சகஜமாகையால் டாக்டர்கள் இதைக் கவனிக்கிறார்கள். இவ்வளவு விவரமும் ஒரு பள்ளிக்கூட உபாத்தியாயினி புரிந்துகொள்ளக் கூடியதே என்றால், எந்தக் குடும்பத்துக்கும் இது விளங்காமல் போகாது.

இதில் ஒரு விசித்திரத்தைக் கவனியுங்கள். மார்பின் கிடைப்பது அபினியிலிருந்து. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மூன்று ராஜ்யங்களில் சர்க்கார் உரிமம் பெற்ற விவசாயிகள் கசகசாச் செடி பயிரிடுகிறார்கள். அந்த அபினி பிற தேசங்களுக்கும் போய் அங்குள்ளவர்களின் வலியைத் தீர்த்தது. ஆனால் 2017-ஆம் வருஷத்தில் 'லான்ஸெட்' என்னும் வைத்தியப் பத்திரிகை நியமித்த நிபுணர் குழு, இந்தியாவில் வலி நிவாரணத்துக்குத் தேவையான இவ்வகை மருந்தில் நூற்றுக்கு 4 பங்குதான் நோயாளிகளுக்குக் கிடைக்கிறது என்று மதிப்பிட்டது. நம் வயலில் விளைந்த மருந்து, நம் வீட்டுப் பெண்ணின் கட்டிலை எட்டவில்லை!

எட்டாததற்குக் காரணம் உண்டு. 1985-ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டம் கள்ளக் கடத்தலைத் தடுக்கக் கொண்டுவரப்பட்டது. ஆனால் அதன் கடுமையான தண்டனைகளுக்கும், ஒரே மருந்துக்காகப் பல இலாகாக்களில் வாங்க வேண்டிய உரிமங்களுக்கும் பயந்து, ஆஸ்பத்திரிகளும் மருந்துக் கடைகளும் மார்பின் வைத்துக்கொள்வதையே விட்டுவிட்டன. ஒரு தலைமுறை டாக்டர்கள் அதைக் கையால் தொடாமலே படித்துத் தேறினார்கள். பல வருஷம் போராடிய பிறகு, 2014-ல் பார்லிமெண்டு இந்தச் சட்டத்தைத் திருத்தி வழியை எளிதாக்கியது. திருத்தம் வந்துவிட்டது, பழைய பயம் மட்டும் முழுவதும் போகவில்லை.

வழி காட்டியவர்கள்

இந்தத் துறைக்கு இன்றைய உருவத்தைக் கொடுத்தவர் லண்டனில் வாழ்ந்த ஸிஸிலி ஸாண்டர்ஸ் என்னும் மாதரசி. நர்ஸாக ஆரம்பித்து, ஆஸ்பத்திரியில் சமூக ஊழியராகி, அதற்கும் மேல் 1957-ல் டாக்டராகத் தேறியவர். 1948-ல் புற்றுநோயால் மரணத் தறுவாயில் இருந்த டேவிட் டாஸ்மா என்ற அகதி, அந்த அம்மையார் கட்டப் போகும் இல்லத்தில் தாம் ஒரு ஜன்னலாக இருக்க வேண்டும் என்று சொல்லி 500 பவுன் எழுதிவைத்தார். ஜன்னலைச் சுற்றி வீடு கட்டப் பத்தொன்பது வருஷம் பிடித்தது. 1967-ல் புனித கிறிஸ்டோபர் இல்லம் திறக்கப்பட்டது. தேகத்தின் நோவோடு, மனக் கவலை, குடும்பத்தின் பணக் கஷ்டம், 'எனக்கு ஏன் வந்தது?' என்ற ஆத்ம வேதனை ஆகிய நான்கும் சேர்ந்ததே 'முழு வலி' என்று அவர் கற்பித்தார்.

நம் தேசத்தில் 1986-ல் பம்பாயில் 'சாந்தி அவேத்னா' இல்லம் தோன்றியது. 1993-ல் கள்ளிக்கோட்டை வைத்தியக் கல்லூரியில் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் நண்பர்களோடு சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். சில வருஷங்களில் அது ஓர் இயக்கமாகவே மாறிவிட்டது. ஆசிரியர்கள், கடைக்காரர்கள், கல்லூரி மாணவர்கள் முதலானவர்கள் பயிற்சி பெற்று, தத்தம் தெருவிலுள்ள நோயாளிகளை வாரந்தோறும் வீட்டில் போய்ப் பார்த்தார்கள். ஊரார் கொடுத்த சிறுசிறு காசிலேயே மருந்து வாங்கப்பட்டது. 2008-ல் கேரள சர்க்கார் இதை ராஜ்யத்தின் கொள்கையாகவே ஏற்றுக்கொண்டது.

தமிழ்நாட்டிலும் இதற்கு ஒரு பூர்வ சரித்திரம் உண்டு. டாக்டர் ஸ்ரீமதி முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துக்கத்தை அவர் கண்ணீரோடு விடவில்லை. 1954-ல் சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் நிலையம் திறக்கப்பட்டது. அடுத்த வருஷம் அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-ல் காலமாகும் வரையில் அதையே தம் வீடாகக் கொண்டிருந்தார். 2021-ல் கிருஷ்ணகிரி ஜில்லாவில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற சர்க்கார் திட்டத்திலும், நோயாளியின் வீட்டுக்கே போய் ஆதரவுச் சிகிச்சை அளிப்பது ஓர் அங்கமாகச் சேர்க்கப்பட்டது.

நாம் செய்ய வேண்டியது

ஆதரவுச் சிகிச்சை கடைசி வாரத்துக்கு உரியது என்று நினைப்பது தவறு. நோய் இன்னதென்று தெரிந்த நாள் முதல், மற்றச் சிகிச்சையோடு கூடவே அது நடக்க வேண்டும். நுரையீரல் புற்று முற்றிய நோயாளிகளைக் கொண்டு அமெரிக்காவில் நடத்தி 2010-ல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில், ஆதியிலேயே ஆதரவுச் சிகிச்சை பெற்றவர்கள் மன அமைதியோடு இருந்ததுமன்றி, மற்றவர்களைவிடச் சில மாதங்கள் அதிகமாகவும் உயிரோடிருந்தார்கள். ஆகையால், உங்கள் வீட்டில் யாருக்காவது இந்நோய் கண்டால், "வலிக்கு யாரைப் பார்ப்பது? மார்பின் இங்கே கிடைக்குமா? வீட்டுக்கு நர்ஸ் வருவார்களா?" என்ற மூன்று கேள்விகளை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

நோயாளியிடம் உண்மையை மறைக்க வேண்டும் என்று குடும்பத்தார் டாக்டரைக் கெஞ்சுவது நம் வழக்கம். அன்பினால் செய்வதுதான். ஆனால் அவளுக்குப் பெரும்பாலும் தெரிந்திருக்கிறது. அவள் நம்மைக் காப்பாற்ற மௌனமாயிருக்கிறாள். நாம் அவளைக் காப்பாற்ற மௌனமாயிருக்கிறோம். இரண்டு மௌனங்களுக்கும் நடுவே, மகளின் கல்யாணத்தைப் பற்றியோ, பெட்டியிலுள்ள நகையைப் பற்றியோ, தன் பயத்தைப் பற்றியோ பேச வேண்டிய நாட்கள் கழிந்துவிடுகின்றன. சிறுநீரகம் அடைபட்டபோது குழாய் வைத்துச் சில வாரம் நீட்டிப்பதா, வேண்டாமா என்பது போன்ற முடிவு வரும். அது அவள் உடம்பு. அவளைத்தான் முதலில் கேட்க வேண்டும். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறாள் என்று மெதுவாகக் கேட்டு, கேட்ட அளவுக்குச் சொல்லுவதே உத்தமம்.

இன்னொரு பெண்ணையும் மறந்துவிடக் கூடாது. நோயாளிக்குப் பணிவிடை செய்கிறவளும் பெரும்பாலும் ஒரு ஸ்திரீதான்: மகள், மருமகள், அல்லது தங்கை. இரவு முழுவதும் விழித்துவிட்டுக் காலையில் அடுப்பையும் மூட்டுகிறவள் அவள். அண்டை வீட்டார் வாரத்தில் இரண்டு பிற்பகல் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்தால், அவள் இரண்டு பிற்பகல் கண்ணயர்வாள். இதற்கு டாக்டர் பட்டம் தேவையில்லை.

கடைசியாக, வருமுன் காக்கும் வழி. கர்ப்பப்பை வாயில் காடி அமிலத்தைத் தடவிக் கண்ணால் பார்த்தே ஆரம்ப மாறுதலைக் கண்டுபிடிக்கும் எளிய சோதனையை, திண்டுக்கல் ஜில்லாக் கிராமங்களில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களிடையே நடத்திப் பார்த்தார்கள். ஒரே தடவை செய்த அந்தச் சோதனையாலும், அதைத் தொடர்ந்த சிகிச்சையாலும், இந்நோயால் ஏற்படும் மரணம் நூற்றுக்கு 35 பங்கு குறைந்தது என்று 2007-ல் வெளியான முடிவு சொல்லிற்று. வைரஸுக்குத் தடுப்பூசியும் இருக்கிறது. 9 முதல் 14 வயதுக்குள் போட்டுக்கொண்டால் பலன் அதிகம். இன்று தலையைக் குனிந்துகொள்ளும் என் மாணவிகள் இந்த விஷயத்தைத் தலைநிமிர்ந்து பேசக் கற்றுக்கொண்டால், அவர்களில் பலருக்கு ஆதரவுச் சிகிச்சை தேவையே இராது. அதற்குள் நோய்வாய்ப்பட்டுவிட்ட அவர்களுடைய தாய்மாருக்கும் பாட்டிமாருக்கும் அது தேவைப்படுகிறது. உங்கள் தெருவில் ஒருக்களித்துச் சாத்திய கதவு ஏதேனும் இருந்தால், இந்த வாரத்திலேயே போய்த் தட்டிப் பாருங்கள்.